சின்னப் பட்டறைக்கு நல்ல ஆள் கிடைக்க நான் பட்ட பாடு

கோவையில் சின்ன அளவில் சிஎன்சி ஜாப் ஒர்க் (கம்ப்யூட்டர் கண்ட்ரோலில் ஓடும் மெஷினில் மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் வேலை) நடத்துகிறவர்களோடு பேசினால், ஆர்டர் இல்லை என்ற புலம்பலைவிட ஆள் இல்லை என்ற புலம்பல்தான் அதிகம் கேட்கும். நானும் ரொம்ப நாள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று எங்கள் பட்டறையில் பதினான்கு பேர் இருக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் எங்களிடமே வேலை கற்றவர்கள். இந்த நிலைக்கு வருவதற்குள் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. எத்தனையோ ராத்திரி தூக்கமும் போனது. ஆள் எடுக்கும்போது இதைப் பார், இதைக் கேள், இதைச் சொல் என்று எனக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை கோவையில் கணபதி என்ற பகுதியின் பக்கம். இரண்டு சிஎன்சி லேத் (கடைசல் மெஷின்), ஒரு விஎம்சி (மில்லிங் வேலைக்கும் துளை போடவும் உள்ள சிஎன்சி மெஷின்), அப்பா தொழில் தொடங்கிய காலத்து லேத் ஒன்று. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், கப்ளிங் ஓட்டிக் கொடுப்போம். 2022இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதுவரை நான் பில், ஜிஎஸ்டி, பேங்க் வேலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் பக்கம் முழுக்க அப்பாவும், ஒவ்வொரு வேலைக்கும் மெஷினைத் தயார் செய்து கொடுக்கும் எங்கள் செட்டரும்தான். அந்த வருடத் தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன செட்டர் திரும்பி வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டார் என்று ஒரு வாரம் கழித்து எங்கள் ஆபரேட்டர் ஒருவன் சொன்னான். அடுத்த மாதம் அவனும் அங்கேயே போய்விட்டான். செட்டர் வாங்கியிருந்த அட்வான்ஸில் பாக்கி 40,000 ரூபாய். அது போனதுகூடப் பரவாயில்லை. விஎம்சி மெஷினுக்கு மாதம் 62,000 தவணை கட்ட வேண்டும், மெஷின் சும்மா நிற்கிறது, பர்ச்சேஸ் மேனேஜர் தினமும் காலையில் போன் பண்ணுகிறார், அப்பாவிடம் சொன்னால் அவர் உடம்பு தாங்காது. ஆபீஸ் ரூமைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்த நாட்கள் உண்டு.

உடனே செய்தது எல்லோரும் செய்வதுதான். ஃபிளெக்ஸ் கடையில் ஒரு போர்டு: “சிஎன்சி செட்டர், ஆபரேட்டர் தேவை. அனுபவம் உள்ளவர்கள் அணுகவும். சம்பளம் தகுதிக்கேற்ப.” அதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக் குரூப்களிலும் போட்டேன். போன் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். “திங்கக்கிழமை வர்றேனுங்க” என்பார்கள். திங்கட்கிழமை போன் எடுக்க மாட்டார்கள். ஒரு கன்சல்டன்சியில் ஒரு மாதச் சம்பளமான 18,000 ரூபாயைக் கட்டணமாகக் கட்டி ஒரு ஆபரேட்டரை எடுத்தேன். இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. வேறு ஆள் தருவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஆனால் கடைசிவரை தரவில்லை. கன்சல்டன்சி மூலம் எடுப்பதாக இருந்தால், ஆள் மூன்று மாதம் முடித்த பிறகுதான் பணத்தில் பெரும்பகுதி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாத இடத்தை விட்டுவிடலாம்.

பெரிய அடி அதற்கப்புறம்தான். ஏழு வருட அனுபவம் என்று சொல்லி ஒருவர் செட்டராக வந்தார். பேச்சில் அத்தனை தெளிவு. ஃபானுக் கண்ட்ரோல் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) தெரியும், எல்லா மேக் மெஷினும் ஓட்டியிருக்கிறேன் என்றார். சேர்ந்த வாரத்திலேயே, ராத்திரி ஷிஃப்டில் புது போரிங் பார் (துளையைக் குடையும் டூல்) மாட்டி, ஆஃப்செட்டில் (டூலுக்கு ஏற்ப மெஷினுக்குக் கொடுக்கும் திருத்த அளவில்) மைனஸ் வர வேண்டிய இடத்தில் பிளஸ் கொடுத்து, முழு ரேபிடில் (மெஷினின் அதிவேக நகர்வில்) விட்டுவிட்டார். டூல்கள் மாட்டியிருக்கும் டரட் நேராகப் போய், பீஸைப் பிடித்துச் சுற்றும் சக்கில் அடித்தது. காலையில் நான் போனபோது மெஷின் கதவு திறந்து கிடந்தது. அவர் இல்லை. டரட் அலைன்மென்ட், ஸ்பிண்டில் பேரிங், சர்வீஸ் இன்ஜினியர் கூலி எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய். பேரிங் வரும்வரை அந்த லேத் நின்றது, அந்த மாதம் வர வேண்டிய ஒன்றரை லட்சம் ரூபாய் வேலையை கஸ்டமர் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து ஒரு விதி. பேச்சை வைத்து யாரையும் எடுப்பதில்லை, ஒரு நாள் வேலை பார்த்த பிறகுதான் முடிவு. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அன்றைய சம்பளத்தைச் சாயங்காலம் கையில் கொடுத்துவிடுவேன். நல்ல வேலைக்காரர்கள் இதற்குத் தயங்குவதே இல்லை, அவர்களுக்கும் பட்டறை எப்படி என்று பார்க்க ஒரு நாள் கிடைக்கிறது. தயங்குகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே கழன்றுவிடுவார்கள்.

எனக்கு அப்போது மெஷின் ஓட்டத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிகிற விஷயங்கள் உண்டு என்று அப்பாதான் படுக்கையிலிருந்தபடி சொல்லிக் கொடுத்தார். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒன்றையும் அதன் டிராயிங்கையும் கையில் கொடு, மைக்ரோமீட்டரைக் கொடு, எதுவும் பேசாதே என்பார். கைவந்த ஆள் முதலில் மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் துணியால் துடைப்பார். ஷாஃப்டையும் துடைப்பார். அப்புறம் ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் ராட்செட்டை மெதுவாகத் திருப்பி, அது கிளிக் என்று நழுவியதும் நிறுத்துவார். ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடமாட்டார். இரண்டு மூன்று இடத்தில், ஷாஃப்டைத் திருப்பி வைத்தும் அளப்பார். அளவு எவ்வளவு விலகலாம் என்பதற்கு டிராயிங்கில் h7 என்று குறி போட்டிருக்கும். அந்த அளவுக்கு 25 மில்லியிலிருந்து 0.021 மில்லி குறையலாம், கூடவே கூடாது. அது மனப்பாடமாகத் தெரிய வேண்டும் என்றில்லை, சார்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டாலே போதும். தெரியாதவர் மைக்ரோமீட்டரை சி கிளாம்ப் மாதிரி இறுக்கிவிட்டு ஓகே என்று நீட்டிவிடுவார். செட்டர் என்றால் இன்னொரு கேள்வி: புது டூல் போட்டால் முதல் பீஸை எப்படி எடுப்பீர்கள்? சிங்கிள் பிளாக்கில் (புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி) போடுவேன், ரேபிடை 25 சதவீதத்துக்குக் குறைப்பேன், கொஞ்சம் மெட்டீரியல் மிச்சம் வைத்து ஓட்டி, அளந்து, அப்புறம் ஆஃப்செட் திருத்துவேன் என்று வரிசையாக வர வேண்டும். இந்த ஒரு கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்த டரட் தப்பித்திருக்கும் என்று இப்போதும் தோன்றும்.

பழைய இடத்தில் விசாரிப்பதையும் விடக்கூடாது. அவர் கொடுக்கிற நம்பரை மட்டும் நம்ப வேண்டாம், கோவையில் எந்தப் பட்டறையையும் இரண்டு போன் போட்டால் பிடித்துவிடலாம். ஆள் எப்படி என்று கேட்டால் எல்லோரும் நல்ல பையன் என்றுதான் சொல்வார்கள். “திரும்ப வந்தா எடுத்துக்குவீங்களா?” என்று கேளுங்கள். உடனே ஆமாம் என்று வருகிறதா, கொஞ்சம் இழுக்கிறார்களா என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

இது கெட்ட ஆளைத் தள்ள உதவியது. நல்ல ஆள் ஏன் வருவதில்லை என்ற கேள்வி அப்படியே நின்றது. சம்பளம்தான் காரணம் என்று நினைத்து, இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்தும் பார்த்தேன். பெரிய கம்பெனி அதற்கு மேல் இரண்டாயிரம் கொடுக்கிறது, கேன்டீன், பஸ் எல்லாம் இருக்கிறது. அந்தப் போட்டியில் நம்மால் நிற்கவே முடியாது. ஒரு நாள் எங்கள் தெரு முனை டீக்கடையில், பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன், சின்னப் பட்டறைக்கு வர ஏன் யோசிக்கிறீர்கள் என்று. “சம்பளம் என்னைக்கு வரும்னே தெரியாதுங்க்கா. ஆறு மணின்னு சொல்லுவாங்க, ஒம்பது மணிக்குத்தான் விடுவாங்க. அடிபட்டா யாரு பாப்பாங்க?” என்றார். பெரிய கம்பெனியில் என்ன பிடிக்கவில்லை என்றும் கேட்டேன். “நாள் முழுக்க ஒரே ஜாப். பீஸ் மாட்டு, பட்டன் அமுக்கு, கழட்டு. மூணு வருஷமாச்சு, ஒரு ஆஃப்செட் தொட விட்டதில்ல.”

அந்தப் பேச்சுதான் எனக்கு வழி காட்டியது. எங்கள் மாதிரி இடத்தில் ஆபரேட்டர் என்று தனியாக ஒதுங்கி நிற்க முடியாது, டூல் மாற்றுவது, ஆஃப்செட் போடுவது, ஜாப் செட் பண்ணுவது, போகப் போக புரோகிராம் எழுதுவது வரை எல்லாவற்றையும் ஒரே ஆள் தொட்டாக வேண்டும். அது ஆர்வம் உள்ள பையனுக்குப் பெரிய விஷயம். கற்றுக்கொண்டால் ஓடிவிடுவான் என்று பயந்து பல முதலாளிகள் அதை மறைத்தே வைக்கிறார்கள். நான் அதையே முன்னால் வைத்தேன். புது விளம்பரம் இப்படி: “சிஎன்சி டர்னிங் ஆபரேட்டர் தேவை. சம்பளம் 16,000 முதல் 19,000. ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி பேங்கில் வரும். காலை 8.30 முதல் மாலை 5.30, அதற்கு மேல் ஓவர்டைம் தனி. ஞாயிறு லீவு. இஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீடு) உண்டு. முதல் வருடம் செட்டிங், இரண்டாம் வருடம் புரோகிராம் கற்றுத் தருவோம்.” போன் குறைவாகத்தான் வந்தது. ஆனால் வந்தவர்கள் நேரில் வந்தார்கள், வந்தவர்களில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சம்பளத்தை எழுதாமல் “தகுதிக்கேற்ப” என்று போடுவதை முதலில் நிறுத்துங்கள். வேலையில் இருக்கிற நல்ல ஆள், எவ்வளவு என்று தெரியாத இடத்துக்கு அரை நாள் லீவு போட்டு வரமாட்டார்.

7ஆம் தேதி என்று எழுதிவிட்டால் 7ஆம் தேதி கொடுத்தாக வேண்டும். கஸ்டமர் பணம் 90 நாள் கழித்து வருகிற தொழிலில் இதுதான் கஷ்டம். ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்து, வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதைச் சேர்க்கவே எட்டு மாதத்துக்கு மேல் ஆனது, கழுத்தில் கிடந்த செயினும் கொஞ்ச நாள் பேங்கில் இருந்தது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லாதவர்கள் உடனே செய்துகொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டினால் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் வாங்குகிறவர் அந்தச் செலவைத் தன் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்று ஆக்கிவிட்டார்கள். இது வந்த பிறகு எங்களுடைய இரண்டு கஸ்டமர்களிடமிருந்து மார்ச் மாதத்தில் தானாகவே செக் வந்தது. தீபாவளிக்கு இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறேன். போனஸ் கொடுக்கிற அன்றே, தை மாதத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். போனஸோடு கிளம்புகிற பழக்கம் அதில் நன்றாகவே குறைந்தது.

இஎஸ்ஐ விஷயம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பத்துப் பேர் ஆகிவிட்டால் அது கட்டாயம், மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அப்பா பல வருடங்களாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அதில் என்ன கிடைக்கும் என்று வேலைக்கு வந்தவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. பையனுக்கு மட்டுமில்லை, குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால், தகுதி இருந்தால், வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதம். எங்கள் ஆபரேட்டர் ஒருவரின் மனைவிக்கு சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. கைக்காசு செலவாகவில்லை. அந்தச் சேதி அவர் குடியிருக்கும் காம்பவுண்ட் முழுக்கப் பரவி, அங்கிருந்தே இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். ஆள் சேர்ந்த வாரமே பதிவு செய்து, அந்த நம்பரைக் கையில் கொடுங்கள். நியமனக் கடிதமும் கொடுங்கள். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது கட்டாயமாகிவிட்டது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், அந்த ஒரு தாள் பையனின் வீட்டில் நமக்கு மரியாதை வாங்கித் தரும். பேங்க் லோனுக்கும், சில இடங்களில் பொண்ணு பார்க்கும் பேச்சுக்கும்கூட அது தேவைப்படுகிறது.

அனுபவம் உள்ளவரையே தேடிக்கொண்டிருந்தால் ஊரில் இருக்கும் அதே நூறு பேர்தான் பட்டறை பட்டறையாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நான் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) பக்கம் போனேன். டர்னர், மெஷினிஸ்ட் இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. அரசு ஐடிஐக்களில் 71 இடங்களைத் தமிழ்நாடு அரசு தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தியிருக்கிறது, அங்கே பிள்ளைகள் சிஎன்சி மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டே வருகிறார்கள். அங்கே போனால் முதல்வரைப் பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள், பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். முதல் மார்க் பிள்ளைகளைப் பெரிய கம்பெனிகள் கேம்பஸிலேயே எடுத்துப் போய்விடும். “வீட்டை விட்டு ஓசூர், சென்னைன்னு போக முடியாத, ஆனா கை நல்லா ஓடுற பிள்ளைங்க யாரு சார்?” என்று கேட்டேன். அப்படித்தான் எங்களுக்கு நல்ல ஆட்கள் கிடைத்தார்கள். அப்ரண்டிஸாக எடுத்தால் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. போர்ட்டலில் பதிவு செய்வது கொஞ்சம் சலிப்பான வேலைதான், ஆடிட்டர் ஆபீஸில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களிலும் கலந்துகொள்ளலாம், நிறுவனங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை.

ஐடிஐயிலிருந்து இரண்டு பெண்களை எடுத்தபோது பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் வேண்டாம் என்றார்கள். 45,000 ரூபாய் செலவில் அவர்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டினேன். இத்தனை செலவிலும் இதுபோல உபயோகமான செலவு வேறில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் துடியலூரிலிருந்து வருவது அவர்களுக்குப் பாரமாக இல்லை. பகல் ஷிஃப்ட் மட்டும்தான் கொடுத்தேன். அளவு எடுப்பதிலும் லாக் புக் எழுதுவதிலும் அவர்கள் காட்டுகிற கவனத்தைப் பார்த்து மற்றவர்களும் திருந்தினார்கள், ரிஜெக்‌ஷன் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆள் போய்விடக் கூடாது என்று முன்பணம் கொடுத்து, அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அது அறவே பிடிக்காது. கடனைக் காட்டி ஆளைக் கட்டிப் போடுவதை 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அப்படிப் பிடித்து வைத்த ஆளின் மனம் வேலையில் இருக்காது. அந்தப் பணத்தை நான் மாற்றிக் கொடுக்கிறேன். மூன்று மாதம் முடித்தால் 5,000, ஒரு வருடம் முடித்தால் 10,000. எங்கள் ஆள் ஒருவர் இன்னொருவரைக் கூட்டி வந்து, வந்தவர் மூன்று மாதம் நின்றால் கூட்டி வந்தவருக்கு 3,000. ஆஸ்பத்திரி, பள்ளிக் கட்டணம் என்று யாராவது கடன் கேட்டால் கொடுக்கிறேன். அதை வேலையோடு முடிச்சுப் போடுவதில்லை.

கற்றுக்கொண்டு போய்விடுவார்களே என்று கேட்பீர்கள். போகிறார்கள்தான். போன வருடம் ஒரு பையன் ஓசூரில் 6,000 அதிகம் கிடைக்கிறது என்றான். போகாதே என்று சொல்லவில்லை. ஒரு மாதம் இருந்து அடுத்த பையனுக்கு அவன் கையாலேயே செட்டிங் சொல்லிக் கொடுத்துவிட்டு, அனுபவச் சான்றிதழும் கணக்கு முடித்த பணமும் வாங்கிக்கொண்டு போனான். இப்போது எங்களிடம் இருக்கும் ஒரு ஆபரேட்டர் அவன் சித்தப்பா மகன். முன்னால் சொல்லாமல் ஓடிப்போவதற்குக் காரணமே, சொன்னால் முதலாளி கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார் என்ற பயம்தான். கணக்கை ஒரு வாரத்தில் முடித்துக் கொடுப்போம் என்று நாம் நடந்து காட்டினால், அவர்களும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

இப்போது எங்களுக்குத் தேவை விஎம்சிக்கு ஒரு புரோகிராமர். வெளியில் 35,000 கேட்கிறார்கள், எங்கள் வேலை அளவுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் அந்த இரண்டு பெண்களில் ஒருவரை மாலை நேரக் கேட் கேம் (கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்து அதிலிருந்து மெஷின் புரோகிராம் எடுக்கும்) பயிற்சிக்கு அனுப்புகிறேன். கட்டணம் 22,000. பாதி நாங்கள், பாதி அவர், அவர் பங்கை மாதம் ஆயிரமாகப் பிடித்துக்கொள்கிறோம். முடித்து வந்ததும் சம்பளம் எவ்வளவு உயரும் என்பதை வகுப்பில் சேருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன்.